துறைமுகத்தின் ஒற்றைக் கதவு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் மாலை நேரத்தில் நடப்பவர்கள் ஏரியின் நடுவிலுள்ள தீவுகளைப் பார்ப்பார்கள், படகுகளைப் பார்ப்பார்கள். ஏரிக்குள் நீர் வரும் வழியையும் அது வெளியேறும் வழியையும் நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தபோதுதான், ஏரிக்குள் என்ன வருகிறது என்று நகரம் கேட்டது. இந்த ஏரியிலிருந்து வழியும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் பாதையில் சென்று தென்பெண்ணையாற்றில் கலந்து, ஓசூருக்கு அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அந்த அணையில் வெண்ணுரை பொங்கும்போது, மேலே எந்த மதகை எவர் கவனிக்காமல் விட்டார் என்பது ஓசூர் விவசாயிக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவருடைய வயலுக்கு வந்து சேர்வது நுரை மட்டும்தான்.

கதவு ஓரிடத்தில் இருக்கும். அதன் பழுதுக்கு விலை கொடுப்பவர் வேறொரு மாநிலத்தில் இருப்பார். அல்சூர்த் தமிழர்கள் கண்கூடாகக் காணும் இந்த உண்மை, நம் துறைமுகங்களுக்கும் அப்படியே பொருந்தும். அத்தகைய கதவு ஒன்று மேற்கு வங்கத்தின் ஹால்தியாவில் இருக்கிறது. 1977-இல் செயல்பாட்டுக்கு வந்த அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதாகிறது. அதைப் புதுப்பிப்பது பற்றித் தமிழ்நாட்டில் எவரும் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலத்தில் 'லாக்' எனப்படும் நீர்ப்பூட்டு நம் துறைமுகங்களில் இல்லை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கப்பல் நேராக வந்து துறையைத் தொடலாம். வங்காளத்தின் ஹூக்ளி நதி வேறு மாதிரி. அங்கே பெரும் ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறத்தாழ 5 மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றத்தில் துறையைத் தொட்ட கப்பல், வற்றத்தில் சேற்றில் தரைதட்டிவிடும். ஆகவே கரைக்குள் ஒரு பெரிய குளத்தை வெட்டி, அதில் எப்போதும் நீரைத் தேக்கிவைத்து, நதிக்கும் குளத்துக்கும் நடுவே இருபுறமும் கதவுள்ள ஓர் அறையைக் கட்டுகிறார்கள். கப்பல் நதியிலிருந்து அறைக்குள் நுழைந்ததும் வெளிக்கதவு மூடப்படும். அறையின் நீர்மட்டம் குளத்தின் மட்டத்துக்கு உயர்ந்ததும் உட்கதவு திறக்கப்படும். அந்த அறைதான் நீர்ப்பூட்டு. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிவந்த படகுகள் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் கடக்கும் இடங்களில் இத்தகைய சிறிய பூட்டுகள் இருந்ததை முதியவர்கள் அறிவார்கள். அவை கேட்பாரற்றுக் கிடந்து என்ன ஆயின என்பதையும் அறிவார்கள்.

கொல்கத்தா துறைமுகத்தில் கிதர்பூர் கப்பல் தளம் 1892-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று நேதாஜி சுபாஷ் பெயரைத் தாங்கும் தளம் 1920-களின் இறுதியில் வந்தது. இரண்டுக்கும் நீர்ப்பூட்டு வழியாகத்தான் கப்பல் நுழைய முடியும். கப்பல்கள் பெரிதாகி, ஹூக்ளியில் வண்டலும் பெருகியபோது, கொல்கத்தாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் ஹால்தியா தளம் கட்டப்பட்டது. அதன் நீர்ப்பூட்டு ஏறத்தாழ 330 மீட்டர் நீளம், 39.6 மீட்டர் அகலம். 32 மீட்டர் அகலமுள்ள கப்பல் உள்ளே வந்தால் இரு பக்கமும் நான்கு மீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் மிஞ்சும். மாலுமி, வழிகாட்டி, இழுவைப் படகு, கயிறு பிடிப்பவர் ஆகிய அனைவரும் ஒரே கணக்கில் இயங்கினால்தான் சுவரில் உரசாமல் கடக்கலாம்.

இந்த அறையின் நீரில் 3 மீட்டர் உயர வித்தியாசத்தைச் சரிசெய்ய ஏறத்தாழ 4 கோடி லிட்டர் நீர் தேவை. குளத்தின் நீர் இவ்வாறு நதிக்குப் போகும்போது அதை ஈடுகட்டப் பம்புகள் நதியின் நீரை இறைக்கின்றன. அந்த நீரில் வண்டல் உண்டு. வண்டல் குளத்தின் அடியில் படிகிறது, தூர்வார வேண்டியிருக்கிறது. கதவின் ஓரங்களிலுள்ள அடைப்பான்கள் தேய்ந்து நீர் கசிந்தால், இறைக்கும் நீரும் கூடும், படியும் வண்டலும் கூடும், மின்கட்டணமும் தூர்வாரும் செலவும் கூடும். கதவு ஒருநாள் திடீரென்று நின்றுபோவது மட்டுமே ஆபத்து என்று நினைக்கக் கூடாது. அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே காசைக் கசியவிடும்.

இதில் தமிழ்நாட்டுக்கு என்ன என்ற கேள்வி எழலாம். தமிழ்நாட்டில் நிலக்கரி கிடையாது. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. தூத்துக்குடி, எண்ணூர், வடசென்னை, மேட்டூர் அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்தும் வங்காளத்தின் ராணிகஞ்சிலிருந்தும் நிலக்கரி வந்தது. ரயிலில் பாரதீப், விசாகப்பட்டினம், ஹால்தியா துறைமுகங்களுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி எண்ணூரையும் தூத்துக்குடியையும் அடைந்தது. இதற்காகவே 1974-இல் மாநில அரசு பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்று அதற்குச் சொந்தக் கப்பல்களும் இருந்தன. ராணிகஞ்சு நிலக்கரி ஹால்தியா தளத்தில் ஏற்றப்பட்டால், அது வெளியே வர ஒரே வழி அந்த நீர்ப்பூட்டுதான்.

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழகம் மின்வெட்டில் தவித்தது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. நிலக்கரி இருப்பு எத்தனை நாளைக்கு என்பது நாள்தோறும் செய்தியானது. அந்த இருப்பு, ஓதம் பார்த்துத் திறந்து மூடும் ஒரு கதவின் வேகத்தையும் சார்ந்தது என்பது எந்த மேடையிலும் பேசப்படவில்லை. மின்வெட்டுக்குக் காரணம் அந்தக் கதவு என்று சொல்ல வரவில்லை, காரணங்கள் பல. ஆனால் நம் வீட்டு விளக்கு எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

கொஞ்சம் கசப்பான ஒரு நினைவும் உண்டு. 2004 முதல் 2009 வரை மத்தியில் கப்பல் துறை டி.ஆர். பாலுவிடம் இருந்தது, 2009 முதல் 2014 வரை ஜி.கே. வாசனிடம் இருந்தது. பத்தாண்டுக் காலம் நாட்டின் துறைமுகங்கள் தமிழர் பொறுப்பில் இருந்தன. அந்தப் பத்தாண்டில் கப்பல் துறை என்றாலே நமக்கு சேதுசமுத்திரம்தான். 2005 ஜூலையில் மதுரையில் தொடக்கவிழா. பிறகு மணல் திட்டு, ராமர் பாலம், உச்ச நீதிமன்றம். அந்த விவாதம் தேவையற்றது என்று சொல்லவில்லை. வெட்டப்போகும் கால்வாய்க்காகக் கிளம்பிய குரலில் நூற்றில் ஒரு பங்கேனும், நிலக்கரி வந்துகொண்டிருந்த வழிக்காகக் கிளம்பியிருக்கலாம்.

இன்று ஹால்தியாவின் முகம் சற்று மாறியிருக்கிறது. துர்காப்பூர், பொகாரோ, ஜம்ஷெட்பூர் எஃகு ஆலைகளின் பக்கத்திலுள்ள துறைமுகம் அது. நேபாளத்தின் சரக்குக்கும் கொல்கத்தா–ஹால்தியாதான் பழைய வாயில். 2020-இல் சியாமா பிரசாத் முகர்ஜியின் பெயர் சூட்டப்பட்ட இத்துறைமுகம் 2023-24 நிதியாண்டில் 6 கோடியே 64 லட்சம் டன் சரக்கைக் கையாண்டது. அதில் ஏறத்தாழ 5 கோடி டன் ஹால்தியாவில். எண்ணெய்த் துறைகள் பூட்டுக்கு வெளியே நதியிலேயே இருப்பதால், இந்த 5 கோடி டன் முழுவதும் கதவைக் கடந்து வந்தது என்று கொள்ளக் கூடாது. குளத்துக்குள் உள்ள துறைகளுக்கு மட்டும் வேறு வழியே இல்லை.

அந்தத் துறைகளைத் தனியாருக்கு ஒப்பந்தத்தில் கொடுத்து இயந்திரமயமாக்குவதில் மத்திய அரசு முனைப்பாக இருக்கிறது. முன்பு ஏ.பி.ஜி. நிறுவனம் 2-ஆம் எண், 8-ஆம் எண் துறைகளில் நவீன எந்திரங்களைக் கொண்டுவந்து, தொழிலாளர் தகராறில் சிக்கி 2012-இல் வெளியேறியது. அந்த 2-ஆம் எண் துறை 2023-இல் அதானி குழும நிறுவனத்துக்கு ஒப்பந்தமானது. 2021-இல் நிறைவேறிய பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி அமைத்தது. துறைமுக நிர்வாகம் நிலத்தின் உடைமையாளராக இருக்கும், சரக்கு கையாளும் தொழிலைத் தனியார் செய்வர் என்ற ஏற்பாடு வேகம்பெற்றது.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொள்கை அளவில் மறுப்பு இல்லை. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. துறைக்கு வருமானம் உண்டு. டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாம். எனவே துறைக்கு முதலீட்டாளர் வருவார். கிரேனுக்கு வருவார், சரக்குக் களத்துக்கு வருவார், ரயில் பாதைக்குக்கூட வருவார். நீர்ப்பூட்டு தனியாக எதையும் சம்பாதிப்பதில்லை. அது எல்லோருக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவானதற்கு யார் செலவு செய்வது? கிராமத்தில் ஏரி மதகைக் குடிமராமத்து செய்ய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்த காலம் ஒன்று உண்டு. ஆள் வருவது நின்றபோது மதகும் நின்றது. மணிக்கு இத்தனை ஆயிரம் டன் இறக்கும் எந்திரத்தை உள்ளே நிறுத்திவிட்டு, கப்பலை உள்ளே விடும் கதவை 1977-ஆம் ஆண்டின் வேகத்திலேயே வைத்திருந்தால், அந்த எந்திரம் கப்பலுக்காகக் காத்துக் கிடக்கும்.

அங்குள்ள பொறியாளர்களைக் குறைகூறுவது நியாயமில்லை. அத்தனை ஆண்டுகளாக உப்பும் சேறும் கலந்த நீரில் அந்தக் கதவுகளை இயங்கவைத்திருப்பவர்கள் அவர்கள்தாம். அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு துறைமுகப் பொறியாளர்களுக்கு இல்லாதது. ஒரே வாசல் உள்ள வீட்டில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது அந்த வாசற்படியைப் பெயர்த்துப் புதிதாகக் கட்டு என்று சொன்னால் கொத்தனார் என்ன செய்வார்? இரும்புக் கதவின் அரிப்பைப் பார்க்க வேண்டும் என்றால் அதைக் கழற்றி மிதக்கவிட்டு உலர்தளத்துக்கு இழுத்துச்செல்ல வேண்டும். கதவு போனால் அந்த இடத்தில் நிற்க இன்னொரு கதவு வேண்டும். நீருக்கடியிலுள்ள அடிப்படியையும் தாங்கு பாகங்களையும் பழுதுபார்க்க, ஒன்று முக்குளிப்பவர்கள் கலங்கிய நீரில் தடவிப் பார்த்துச் செய்ய வேண்டும்; அல்லது அறையையே வற்றடிக்க வேண்டும். வற்றடித்தால் அத்தனை நாளும் துறைமுகம் மூடல்தான். கட்டுப்பாட்டு மின்கருவிகளை மாற்றுவது இவற்றோடு ஒப்பிட்டால் எளிது. அதைச் செய்துவிட்டு 'நவீனமயமாக்கல் முடிந்தது' என்று அறிக்கை விடுவது அதைவிட எளிது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். ஜெர்மனியின் கீல் கால்வாயில் புருன்ஸ்பூட்டல் என்ற இடத்திலுள்ள பெரிய நீர்ப்பூட்டுகள் 1914-இல் கட்டப்பட்டவை. 2013 மார்ச்சில் பெரிய பூட்டுகள் இரண்டும் ஒரே சமயத்தில் பயன்பாட்டுக்கு உதவாமல் போயின. ஏறத்தாழ ஒரு வாரம் பெரிய கப்பல்கள் கால்வாய்க்குள் நுழைய முடியாமல் டென்மார்க்கைச் சுற்றிச் சென்றன. பணத்துக்கும் பொறியியலுக்கும் பேர்போன ஜெர்மனியிலேயே இந்த நிலை. அதன் பிறகுதான் ஐந்தாவது பூட்டுக்கான பணி 2014-இல் தொடங்கியது. பழைய பூட்டுகளைச் சீரமைக்கும்போது மாற்று வழி வேண்டும் என்பது அந்தப் புதிய பூட்டின் முக்கிய நோக்கம்.

அமெரிக்காவின் சூ நீர்ப்பூட்டுகளில் மிகப் பெரிய கப்பல்களைக் கொள்ளும் பூட்டு ஒன்றே ஒன்று. இரும்புத் தாது முழுவதும் அதை நம்பியிருக்கிறது. நிலை கிட்டத்தட்ட ஹால்தியாவைப் போன்றது. அது ஆறு மாதம் மூடப்பட்டால் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் வேலை இழப்பர் என்று 2015-இல் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டது. அதற்கு இணையாக இன்னொரு பூட்டு கட்ட அமெரிக்க நாடாளுமன்றம் 1986-இல் அனுமதி அளித்தது. கட்டுமானம் தொடங்கியது 2020-இல். திருவள்ளுவர் சிலைத் திறப்புக்காக 1991 முதல் 2009 வரை 18 ஆண்டுகள் காத்திருந்த அல்சூர்வாசிகளுக்கே இது சற்று அதிகமாகத் தோன்றும்.

நெதர்லாந்து முந்திக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமுக்கான ஐமூடன் பூட்டு 1929-ஆம் ஆண்டினது. அது விழும்வரை காத்திராமல், அதன் அருகிலேயே 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலத்தில் புதியதைக் கட்டி 2022 ஜனவரியில் திறந்தார்கள். தேவைப்படுவது இரண்டு கதவுகள். செய்து வைத்திருப்பது மூன்று. ஒன்று பழுதுபார்க்கப் போனாலும் போக்குவரத்து நிற்காது. மூன்றாவது கதவைக் கணக்கில் சேர்க்கும் இந்த மனப்பான்மைதான் நமக்கு வேண்டியது. நம் தணிக்கையாளரோ, 'பயன்படுத்தப்படாத சொத்து' என்று அதன்மேல் குறிப்பு எழுதிவிடுவார்.

இந்தியாவில் புதிய பூட்டுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. குஜராத்தின் பாவ்நகரில் 4,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவிலான துறைமுகத் திட்டத்துக்கு 2022 செப்டம்பர் 29 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். உலகின் நான்காவது பெரிய நீர்ப்பூட்டு அங்கே அமையும் என்று அரசு பெருமையுடன் அறிவித்தது. அமையட்டும். ஆனால் புதிய கதவுக்கு அடிக்கல் உண்டு, கல்வெட்டு உண்டு, புகைப்படம் உண்டு. பழைய கதவின் அடைப்பானை மாற்றுவதற்கு எந்த அமைச்சர் ரிப்பன் வெட்டப் போகிறார்? 2015-இல் தொடங்கிய சாகர்மாலாவில் 800-க்கும் மேற்பட்ட திட்டங்கள் உள்ளன. அவற்றைச் சொல்லும்போது எத்தனை புதியவை என்பதுதான் முன்னால் வருகிறது. இருப்பதில் எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பதும் வர வேண்டும்.

ஹால்தியாவுக்கு எதிரான வாதம் ஒன்றுண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. ஹூக்ளி செத்துக்கொண்டிருக்கும் நதி. 1975-இல் பராக்கா அணையிலிருந்து கங்கை நீரைத் திருப்பிவிட்டும் வண்டல் தீரவில்லை. தூர்வாருவதற்கே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கோடி கரைகிறது. ஏறத்தாழ 8 மீட்டர் ஆழம்தான் கிடைப்பதால் பெரிய கப்பல்கள் பாதிச் சரக்கை வேறு துறைமுகத்தில் இறக்கிவிட்டுத்தான் வருகின்றன. இப்படிப்பட்ட இடத்தின் கதவுக்குப் பணம் கொட்டுவதைவிடக் கடலோரத்தில் ஆழ்துறைமுகம் கட்டலாமே என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆழ்துறைமுகம் எங்கே? சாகர் தீவு என்றார்கள், தாஜ்பூர் என்றார்கள். தாஜ்பூருக்கு 2022-இல் அதானி குழுமத்திடம் விருப்பக் கடிதம் கொடுத்த மேற்கு வங்க அரசு, மறு ஆண்டே புதிய ஒப்பந்தப்புள்ளி பற்றிப் பேசியது. மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு துறைமுகம் பிறக்க எத்தனை ஆண்டாகும் என்பதைக் குளச்சலைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது வரும்வரை எஃகு ஆலைகளுக்கான சரக்கு ஹால்தியா வழியாகத்தான் வர வேண்டும்.

பூட்டுக்கு வெளியே நதியிலேயே மேலும் துறைகளைக் கட்டுவது இன்னொரு யோசனை. எண்ணெய்க்கு அது சரிப்பட்டது. குழாயை இணைத்தால் போதும். நிலக்கரியையும் சுண்ணாம்புக் கல்லையும் ஓதம் ஐந்து மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் கிரேன் வைத்து இறக்குவது அவ்வளவு இலகுவல்ல. சில துறைகளை அப்படி அமைக்கலாம். அதைக் காரணம் காட்டிக் கதவை மறக்கலாகாது.

செய்ய வேண்டியது என்ன? குளத்துக்குள் சரக்கு கையாளும் ஒவ்வொரு நிறுவனமும், டன்னுக்கு ஒரு சிறு தொகையை நீர்ப்பூட்டுப் புதுப்பிப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்த நிதியைச் சம்பளத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ திருப்பக் கூடாது. கதவின் உடல்நிலையை வெளியார் ஒருவர் ஆண்டுதோறும் சோதித்து, அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அல்சூர் ஏரிக்கு எதிரே மதராஸ் சாப்பர்களின் பயிற்சி மையம் இருக்கிறது. பாலம் அமைப்பதையே தொழிலாகக் கொண்ட அந்தப் படையில், பழுதான பிறகு கருவியைப் பார்ப்போம் என்று சொல்லும் 'தம்பி' ஒருவரும் இருக்க மாட்டார். சிவில் நிர்வாகத்துக்கு அந்த ஒழுங்கு ஏன் வரக் கூடாது? இவற்றுக்கெல்லாம் மேலாக, ஹால்தியாவில் இரண்டாவது நீர்ப்பூட்டுக்கான முடிவை எடுக்க வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் இரண்டாவது வாசல் இல்லாமல் முதல் வாசலை முழுமையாகப் பெயர்த்துக் கட்டவே முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து 39 பேரும் புதுச்சேரியிலிருந்து ஒருவரும் மக்களவையில் இருக்கிறார்கள். கப்பல் துறையை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவில் அடுத்த மானியக் கோரிக்கை வரும்போது அவர்களில் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஹால்தியாவின் கதவுகள் கடைசியாக உலர்தளத்துக்குப் போனது எந்த ஆண்டு? மாற்றுக் கதவு தயார் நிலையில் இருக்கிறதா? நீர்ப்பூட்டு ஒரு மாதம் மூடப்பட்டால் எந்தெந்த மாநிலத்துக்கு எவ்வளவு நிலக்கரியும் எஃகும் தடைபடும் என்று அமைச்சகம் கணக்கிட்டிருக்கிறதா?